குணமா, கோளாறா?

நமக்கு வரும் படங்களின் பின்னே பெரும்பாலும் ஒற்றை வரிதான் இருக்கிறது: ‘ஜூப்பிட்டர்-3, முழுத் திறப்பு’. படத்தைப் பார்த்தால் முகம் மெல்லிய புகைக்குள் இருக்கிறது. நெற்றிப்பொட்டில் முடி ஒவ்வொன்றாக எண்ணும்படி தெளிவு. கண் மட்டும் மசமசப்பு. ‘சோனாருக்கே உரிய குணம்’ என்று அனுப்பியவர் சேர்த்து எழுதியிருப்பார். இந்த லென்ஸ்கள்மேல் எனக்கும் பிரியம் உண்டு. ஆனாலும் அந்த முடி ஏன் கண்ணைவிடத் தெளிவாக விழுந்தது என்று ஒருமுறையாவது கேட்க வேண்டாமா?

லூட்விக் பெர்டெலே 1932-இல் கான்டாக்ஸ் கேமராவுக்காகக் கொடுத்த 5 செ.மீ. f/1.5 சோனாரில் கண்ணாடிகள் ஏழு, தொகுதிகள் மூன்றே மூன்று. கண்ணாடிகளை ஒன்றோடொன்று ஒட்டிவிட்டதால் காற்றைத் தொடும் பரப்புகள் ஆறுதான். கோட்டிங் வராத காலம். ஒவ்வொரு பரப்பும் ஒளியைச் சிதறடிக்கும். பரப்புகள் குறைந்ததால் கான்ட்ராஸ்ட் தப்பியது. அந்த லாபத்தோடு கோளப் பிறழ்ச்சியும் கூடவே வந்தது. முழுத் திறப்பில் ஓரக் கதிர்களும் மையக் கதிர்களும் ஒரே இடத்தில் குவிவதில்லை. அந்த மெல்லிய ஒளிப்படலம் அதனால்தான். அப்பர்ச்சரைக் குறுக்கும்போது ஓரக் கதிர்கள் வெட்டுப்பட, ஃபோகஸ் பின்னோக்கி நகர்கிறது. f/1.5-இல் கண்ணில் நின்றது f/2.8-இல் நெற்றிப்பொட்டுக்குப் போய்விடும். இது வடிவமைப்போடு பிறந்தது. எந்த மெக்கானிக்காலும் நீக்க முடியாது. இதே வம்சத்தில் ஸைஸ் நம் காலத்தில் கொண்டுவந்த C சோனார் 50 மி.மீ. f/1.5-ஐ முதலில் f/2.8-க்குப் பொருத்தி விற்றார்கள், பிறகு f/1.5-க்கு மாற்றினார்கள். எந்தத் திறப்பில் ஃபோகஸ் சரியாக இருக்க வேண்டும் என்பதில் தயாரித்தவர்களே இரண்டு முடிவு எடுக்க வேண்டியிருந்திருக்கிறது.

ஆக, நகரும் ஃபோகஸைக் குணம் என்று ஒப்புக்கொள்வோம். ஜூப்பிட்டரின் கதை அதோடு முடியவில்லை.

போருக்குப் பிறகு சோவியத் நாட்டுக்குப் போன சோனார், க்ராஸ்னகோர்ஸ்க் ஆலையில் முதலில் இசட்.கே. என்றும் பின்னர் ஜூப்பிட்டர்-3 என்றும் பெயர் பெற்றது. f/2 வடிவம் ஜூப்பிட்டர்-8. இரண்டும் கான்டாக்ஸ் வழிவந்த கீவ் கேமராவுக்கும் வந்தன, லைக்கா வழிவந்த ஃபெட், ஸோர்கி கேமராக்களின் 39 மி.மீ. திருகுக்கும் வந்தன. சிக்கல் இந்த இரண்டு வழிகளுக்கும் நடுவில்தான். லைக்காவின் ரேஞ்ச்ஃபைண்டர், லென்ஸின் உண்மையான குவியத் தூரம் சுமார் 51.6 மி.மீ. என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. கான்டாக்ஸ் கணக்கு சுமார் 52.4 மி.மீ. ஜூப்பிட்டர்களைக் கழற்றிப் பூட்டியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது, இவை இரண்டாவது கணக்கை ஒட்டியே நிற்கின்றன என்பதுதான்.

முக்கால் மில்லிமீட்டர் வித்தியாசம்தானே என்று தோன்றும். முடிவிலியில் இரண்டும் ஒத்துப்போகும். அருகே வர வர லென்ஸ் கூடுதலாக வெளியே வர வேண்டும். லைக்கா காம் அந்தக் கூடுதலைத் தருவதில்லை. 1 மீட்டரில் ஃபோகஸ் சுமார் 3 செ.மீ. பின்னால் விழும். அந்தத் தூரத்தில் f/1.5 தரும் டெப்த், பழைய ஃபிலிம் கணக்கில் பார்த்தாலும், முன்னும் பின்னும் தலா 2 செ.மீ. தேறாது. ரேஞ்ச்ஃபைண்டரில் இரண்டு பிம்பமும் கண்ணில் அச்சாகப் பொருந்தியிருக்க, படத்தில் நெற்றிப்பொட்டு தெளிவதன் காரணம் இதுவே. பெர்டெலேக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மருந்து ஒரு ஷிம். கண்ணாடித் தொகுதிக்கு அடியில் ஏறத்தாழ 0.08 மி.மீ. கூட்டினால், ஒரு தாளின் தடிமன்தான், 1 மீட்டரில் முழுத் திறப்பு சரியாகிவிடும். பதிலுக்கு முடிவிலி போய்விடும்: வளையத்தைக் கடைசிவரை திருப்பினாலும் லென்ஸ் சுமார் 30 மீட்டரில்தான் நிற்கும். f/4-க்குக் குறுக்கினால் டெப்த் அதை மீட்டுத் தரும். முகங்களுக்கு ஒரு லென்ஸ், மலைகளுக்கு வேறொன்று என்று வைத்திருப்பவருக்கு இது நல்ல பேரம். ஒரே லென்ஸோடு ஊர் சுற்றுபவர் நடுவில் எங்கேயாவது சமரசம் செய்துகொள்ள வேண்டும். எதைத் தேர்ந்தாலும் தேர்ந்தது நாம் என்று தெரிந்திருக்க வேண்டும். சந்தையில் கைமாறும் ஜூப்பிட்டர்களில் முன்னவர் யாரோ ஷிம்மை மாற்றியிருப்பார், அல்லது கழற்றிப் பூட்டும்போது அதைத் தொலைத்திருப்பார். சீரியல் எண்ணின் முதல் இரண்டு இலக்கம் தயாரித்த ஆண்டைச் சொல்லும். உள்ளே யார் கை வைத்தார் என்று அது சொல்லாது.

அடாப்டரைப் பழிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. திருகு லென்ஸின் ஃப்ளாஞ்ச் தூரம் 28.8 மி.மீ., 1954-இல் லைக்கா M3-உடன் வந்த M மவுண்ட்டுக்கு 27.8. நடுவில் உள்ள ஒரு மில்லிமீட்டரைத்தான் அந்த வளையம் நிரப்புகிறது. மலிவான வளையம் சற்றுத் தடித்திருந்தால் கண்ணாடியும் காமும் சேர்ந்தே முன்னே நகரும். அதனால் 50 மி.மீ.யில் ரேஞ்ச்ஃபைண்டர் பொய் சொல்லாது, முடிவிலிதான் எட்டாது. 35-லும் 90-லும் கண்ணாடியும் காமும் ஒரே அளவில் நகர்வதில்லை. அங்கேதான் வளையத்தின் பிசகு ஃபோகஸில் தெரியும்.

இனி புகை. 1949-இல் வந்த சும்மரிட் 5 செ.மீ. f/1.5-ம், 1950-களின் கேனன் திருகு லென்ஸ்கள் பலவும் மங்கலுக்குப் பேர்போனவை. ஹெலிகாய்டு கிரீஸ் ஆவியாகி, அப்பர்ச்சர் இதழ்களை ஒட்டிய கண்ணாடியில் படிகிறது. கடையின் குழல்விளக்கில் பார்த்தால் கண்ணாடி பளிச்சென்றே இருக்கும். அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து செல்போன் டார்ச்சை அடித்து, முன்பக்கம் சற்றுச் சாய்வாகப் பாருங்கள். குளியலறைக் கண்ணாடியில் படிந்த நீராவி போல ஒரு வெண்படலம் உள்ளே தெரியும். துடைத்தால் போய்விடுகிறது என்றால் அதிர்ஷ்டம். ஆண்டுக்கணக்கில் விட்டிருந்தால் கோட்டிங்கையே அரித்திருக்கும். அந்தக் காலத்து லைக்கா கோட்டிங் மென்மையானது. சட்டை நுனியால் துடைத்த கீறல்களும் சேர்ந்துகொள்ளும். இப்படிப்பட்ட லென்ஸ் தரும் ‘கனவு போன்ற ஒளி’யைப் புகழ்ந்து எழுதுவது, கிரீஸைப் புகழ்வதுதான்.

சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் ஃபங்கஸ் தனிக்கதை. தோல் உறைக்குள் லென்ஸைப் பூட்டி வைப்பது அதற்கு வீடு கட்டிக் கொடுப்பது. உறையைக் காட்சிக்கு வையுங்கள். லென்ஸை 40–50 சதவீத ஈரப்பதத்தில் வையுங்கள்.

அகலக் கோண லென்ஸ்களில் குற்றம் பெரும்பாலும் லென்ஸுடையது அல்ல. ஜூப்பிட்டர்-12, சூப்பர்-ஆங்குலான் 21 மி.மீ. போன்றவற்றின் பின்கண்ணாடி சென்சாரை ஒட்டி நிற்கிறது. ஓரத்துக் கதிர்கள் மிகச் சாய்வாகப் போய், சென்சாரின் மேலுள்ள மூடுகண்ணாடியில் தடுமாறுகின்றன. ஓரங்களில் ஊதா ஏறுகிறது, கூர்மை இறங்குகிறது. ஃபிலிமில் அதே லென்ஸ் அருமை. டிஜிட்டலில் கறுப்பு வெள்ளையாக்கி நிறத்தை மறைக்கலாம். ஓரக் கூர்மையை மீட்க முடியாது.

சோதனை கடினமில்லை. M240 காலத்திலிருந்தே லைவ் வியூ நம் கையில் இருக்கிறது. முதலில் கேமராவைச் சந்தேகியுங்கள்: சரியென்று தெரிந்த புது லென்ஸை மாட்டி, ரேஞ்ச்ஃபைண்டர் பிம்பங்களைப் பொருத்தி, பிறகு லைவ் வியூவில் பெரிதாக்கிப் பாருங்கள். கேமரா தேறினால் பழைய லென்ஸை மாட்டி, 1 மீட்டர், 3 மீட்டர், தொலைதூரக் கோபுர விளக்கு என மூன்று இடத்திலும், முழுத் திறப்பிலும் f/2.8-லும் பாருங்கள். முழுத் திறப்பிலேயே ரேஞ்ச்ஃபைண்டரும் லைவ் வியூவும் முரண்பட்டால் அது பொருத்தத்தின் கோளாறு. குறுக்கிய பிறகு மட்டும் ஃபோகஸ் ஓடினால் குணம். ஃபிலிமில் சிறிய பிரிண்ட்டுக்குள் மறைந்திருந்த பிசகு, M11-இன் 60 மெகாபிக்சலில் ஒளிய இடமில்லாமல் நிற்கும்.

லைவ் வியூவிலேயே எடுத்துவிட்டால் போகிறது என்பவர்களோடு சண்டை இல்லை. அவர்களுக்கு ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவே தேவையில்லை. மிரர்லெஸ் கேமரா ஒன்றும் அடாப்டரும் பாதி விலையில் அதே வேலையைச் செய்யும்.

அடுத்த இதழ் முதல் பழைய லென்ஸ் படங்களோடு நான்கு விவரங்களைக் கேட்கிறோம்: தயாரித்த ஆண்டு, எடுத்த திறப்பு, பொருளின் தூரம், லென்ஸ் கடைசியாகத் திறக்கப்பட்டபோது ஷிம் பார்க்கப்பட்டதா என்பது. நான்காவது தெரியாவிட்டால் ‘தெரியாது’ என்றே எழுதுங்கள். படத்தோடு அதையும் அச்சிடுவோம்.