வாளையார் மீட்டரும் மணக்கடவுக் கணக்கும்

போன வாரம் எதிர்வீட்டுத் தம்பி வந்திருந்தார். கணபதியில் சின்னதாகப் பவுடர் கோட்டிங் பட்டறை வைத்திருக்கிறார். சிலிண்டரை விட்டுவிட்டுக் குழாய் எரிவாயுவுக்கு மாறலாமா என்று யோசனை. "ஏனுங்க ஐயா, நீங்க கணக்குப் பார்த்தவரு. எங்க பட்டறையில ஒரு மீட்டர், வாளையார்ல ஒரு மீட்டர். ரெண்டும் ஒத்துப்போகலைன்னா அந்த வித்தியாசம் யாரு தலையிலீங்க விழும்?" என்றார்.

நல்ல கேள்வி. இந்தக் குழாய் என்றாலே நமக்கு நிலத் தகராறுதான் நினைவுக்கு வரும். கோவை முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்டங்கள், 310 கிலோமீட்டர், விவசாயிகள் போராட்டம், 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. அதை வேறொரு நாள் எழுதுகிறேன். இன்றைய நிலவரம் இது: கொச்சியில் கப்பலில் வந்து இறங்கும் எரிவாயு, கெயில் குழாயில் கூற்றநாடு வழியாக வாளையார் வருகிறது. அங்கே வாங்கி ஊருக்குள் விநியோகிப்பது இந்தியன் ஆயில். ஒருவர் குழாய் முடிந்து அடுத்தவர் குழாய் தொடங்கும் அந்த இடத்தில்தான் கணக்கு இடறும்.

நாளைக்கு இவ்வளவு வேண்டும் என்று இன்றே சொல்லிவிட வேண்டும். எரிவாயுக்காரர்களுக்கு நாள் என்பது காலை 6 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 6 மணிக்கு முடிவது. ஆனால் நூறு கேட்டால் சரியாக நூறே கடந்து போவதில்லை. தொண்ணூற்றெட்டோ நூற்று மூன்றோ போகும். இதனால் குழாய்க்கு ஒன்றும் கெட்டுவிடாது. மிஞ்சினால் குழாய்க்குள் அழுத்தம் கொஞ்சம் ஏறும், குறைந்தால் இறங்கும். பேரேட்டுக்குத்தான் தலைவலி.

ஐரோப்பாவில் 2015-ல் ஒரு விதி போட்டார்கள். வேறு ஏற்பாடு செய்துகொள்ளாதவரை, குழாய்கள் சேருமிடத்தில் இரு நிறுவனங்களும் தங்களுக்குள் ஒரு சமன்கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். எரிவாயு அனுப்புகிற வியாபாரிக்கு, இரு பக்கமும் உறுதி செய்த அளவே வந்ததாக எழுதப்படும். கூடுதல் குறைச்சல் அந்த இரு நிறுவனங்களின் பற்று வரவில் நிற்கும். அந்த மீதியை முடிந்தவரை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பது அவர்கள் பாடு.

நமக்கு இது புதிதில்லை. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் கேரளாவுக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் போக வேண்டும். ஜூலை 1-ல் புதுக் கணக்கு தொடங்கும். அளக்கிற இடம் தெரியும், பாக்கி யாருக்கும் யாருக்கும் என்பதும் தெரியும். சண்டை வந்தாலும் இரண்டு அரசுகள் உட்கார்ந்து பேசும். சித்தூர் விவசாயிக்கு யாரும் அபராத நோட்டீஸ் அனுப்புவதில்லை.

நம் நாட்டு எரிவாயு விதியில், வித்தியாசத்தைக் குழாய்க்காரர் முதலில் கேட்பது எரிவாயு அனுப்புகிறவரிடம்தான். எல்லை மீறினால் கட்டணம். அது கடைசியில் விலைக்குள் புகுந்து பட்டறைக்கு வந்துவிடும் என்பதே என் கவலை. 2023 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க ஒருங்கிணைந்த குழாய்க் கட்டணம் வந்தது. வசூலான பணத்தைக் குழாய் நிறுவனங்கள் தங்களுக்குள் நேர் செய்துகொள்கின்றன. பணத்துக்கு முடிகிறது என்றால் வாயுவுக்கு ஏன் முடியாது?

என் வேலைக் காலத்தில் ஓர் ஆசிரியையின் சேமநிதி ஓர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியது. இரண்டு பதிவேட்டுக்கும் 340 ரூபாய் வித்தியாசம். இரு அலுவலகமும் மாறி மாறிக் கடிதம் எழுதின; நானே நாலைந்து டைப் செய்தேன். அந்த அம்மாவுக்கு மொத்தப் பணமும் 14 மாதம் நின்றுபோனது. மகள் கல்யாணத்துக்கு வட்டிக்கு வாங்கினார். தப்பு அவர் பக்கம் ஒரு பைசாகூட இல்லை.

ஆகவே, வாளையாரில் ஒரு சமன்கணக்கு வேண்டும். மீட்டரை இரு தரப்பும் சேர்ந்து சோதிக்க வேண்டும். மீதியை இத்தனை நாளுக்குள் எரிவாயுவாகவே தீர்த்துக்கொள்ள வேண்டும். மாதம் ஒருமுறை அதை வெளியிடட்டும். அணை நீர்மட்டம் தினம் பேப்பரில் வரவில்லையா? எண்ணூரிலிருந்து வரும் குழாய்களும் இதோடு சேரும் காலத்தில் எல்லைகள் கூடும். அப்போது பழக்கம் போடுவது கஷ்டம்.

தம்பியிடம், கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தில் அளவு வித்தியாசம் பற்றிய பத்தியைக் கேட்டு வாங்கச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன் என்றார். பொடி எழுத்தாம், கண்ணாடியைத் துடைத்து வைத்திருக்கிறேன்.