காட்டாமணக்கும் கரும்புகையும்

ஜனவரி பிறந்துவிட்டால் தமிழ்நாட்டின் பல பொறியியல் கல்லூரிகளில் மெக்கானிக்கல் துறை ஆய்வகத்தைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிடலாம். மாலை நேரத்து வடைச்சட்டி வாசனை வரும் பக்கம் போனால் போதும். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் காலம் அது. ஒரு குழு புங்க எண்ணெய், அடுத்த குழு வேப்பெண்ணெய், அதற்கடுத்தது இலுப்பை, ரப்பர் விதை, பருத்திக்கொட்டை, தவிட்டு எண்ணெய் என்று வரிசையில் நிற்கும். எண்ணெய் மாறும், என்ஜின் மாறாது. 5.2 கிலோவாட், நிமிடத்துக்கு 1500 சுற்று, தண்ணீரால் குளிரூட்டப்படும் ஒற்றை சிலிண்டர் கிர்லோஸ்கர்! முடிவும் பெரும்பாலும் மாறாது. டீசலில் 20 சதவீதம் பயோடீசல் கலந்த பி20 கலவையே சிறந்தது, புகை குறைகிறது, நைட்ரஜன் ஆக்சைடு மட்டும் சற்றே கூடுகிறது. வைவா முடியும், பைண்டிங் செய்த புத்தகம் அலமாரிக்குப் போகும்.

இந்த முடிவில் தவறு இல்லை. ஆனால் எத்தனை சதவீதம் கலப்பது என்ற கேள்வியிலேயே இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மாணவர்களும் அரசும் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். எந்த என்ஜினில் ஊற்றுவது என்பதுதான் அதைவிடப் பெரிய கேள்வி.

ப்ராஜெக்ட் புத்தகங்களின் முதல் பக்கத்தில் தவறாமல் இடம்பெறும் ஒரு கதையை முதலில் சரிசெய்துவிடலாம். ருடால்ஃப் டீசல் தன் என்ஜினைக் கடலை எண்ணெய்க்காகவே கண்டுபிடித்தார் என்பது அந்தக் கதை. நடந்தது கொஞ்சம் வேறு. 1900-ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் என்ஜின் கடலை எண்ணெயில் ஓடியது உண்மை. அதை ஓட்டிக் காட்டியது ஆட்டோ நிறுவனம். ஆப்பிரிக்கக் காலனிகளில் விளைகிற நிலக்கடலையை அங்கேயே எரிபொருளாக்க முடியுமா என்று பார்க்க விரும்பியது பிரெஞ்சு அரசு. பெட்ரோலிய எண்ணெய்க்கென்று அமைக்கப்பட்ட அந்த என்ஜின், எந்த மாற்றமும் செய்யாமலே கடலை எண்ணெயிலும் ஓடியது. ஓடியது என்பதால் தொடர்ந்து ஓடும் என்று பொருளல்ல. இங்கேதான் வேதியியல் உள்ளே வருகிறது.

செக்கில் ஆட்டிய தாவர எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்குக்கும் மேல் பாகுத்தன்மை கொண்டது. இன்ஜெக்டரின் ஊசித்துளை வழியாக அது புகைபோலச் சிதறாது, கொழகொழவென்று தாரையாகப் பாயும். பெரிய துளிகள் முழுதாக எரியாமல் பிஸ்டனிலும் இன்ஜெக்டர் முனையிலும் கரியாகப் படியும். சில நாள் ஓட்டத்தில் ஒன்றும் தெரியாது. மாதக்கணக்கில் ஓட்டினால் ரிங் ஒட்டிக்கொள்ளும், ஆயில் கெட்டியாகும். இதற்காகத்தான் எண்ணெயோடு மெத்தனாலையும் கொஞ்சம் காரத்தையும் சேர்த்துச் சூடாக்கிக் கிளறுகிறார்கள். அடியில் கிளிசரின் இறங்கும், மேலே நிற்பது பயோடீசல். நூறு கிலோ எண்ணெய்க்கு ஏறத்தாழ பதினொரு கிலோ மெத்தனால் செலவாகிறது. அந்த மெத்தனால் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தோ நிலக்கரியிலிருந்தோ வருவது. "முழுக்க முழுக்கத் தாவரம்" என்று விளம்பரம் செய்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

இப்படிக் கிடைக்கும் பயோடீசலின் பாகுத்தன்மை டீசலுக்கு அருகில் வந்துவிடுகிறது. எடையில் சுமார் 11 சதவீதம் ஆக்சிஜன் அதன் மூலக்கூறுக்குள்ளேயே இருக்கிறது, கந்தகம் ஏறக்குறைய இல்லை. டீசல் புகை ஏன் கறுப்பாக இருக்கிறது? சிலிண்டருக்குள் மொத்தத்தில் காற்று தாராளமாகத்தான் இருக்கிறது. ஆனால் பீய்ச்சப்பட்ட எரிபொருள் தாரையின் நடுப்பகுதிக்கு அது போய்ச் சேர்வதற்குள் எரிதல் தொடங்கிவிடுகிறது. அங்கே எரிபொருள் அதிகம், காற்று குறைவு. அரைகுறையாக வெந்த கார்பன் கரியாகிறது. பயோடீசலோ தன் ஆக்சிஜனைக் கட்டுச்சோறு மாதிரி கையோடு கொண்டுபோகிறது! கரி உருவாகும் இடத்திலேயே அது கைகொடுப்பதால் புகை குறைகிறது. கார்பன் மோனாக்சைடும் எரியாத ஹைட்ரோகார்பனும் குறைவதற்கும் அதுவே முக்கியக் காரணம். இந்த ஆக்சிஜனுக்கு ஒரு விலையும் உண்டு. ஒரு லிட்டரில் உள்ள வெப்ப ஆற்றல் டீசலைவிட எட்டு, ஒன்பது சதவீதம் குறைவு. அதே வேலைக்கு அதிக எண்ணெய் குடிக்கும்.

நைட்ரஜன் ஆக்சைடு விஷயம்தான் சிக்கலானது. "எரிபொருளில் ஆக்சிஜன் இருப்பதால் நைட்ரஜன் ஆக்சைடு கூடுகிறது" என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிற ப்ராஜெக்ட் புத்தகங்களே அதிகம். காரணங்கள் பல. பயோடீசல் டீசலைவிட அமுக்கத்துக்குக் குறைவாகவே இடம் கொடுக்கும். பழைய இயந்திர பம்பு கொண்ட என்ஜின்களில் பம்பின் அழுத்தம் குழாய் வழியாக இன்ஜெக்டருக்குச் சற்று விரைவாகப் போய்ச் சேர்ந்து, ஊசி சற்று முன்னதாகவே திறந்துவிடும். எரிதலும் முன்னதாகத் தொடங்கும், வெப்பநிலை ஏறும், காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடுதலாகக் கலந்துகொள்ளும். கரி குறைவதால் வரும் விளைவும் உண்டு. ஒளிரும் கரித்துகள்கள் சுடரின் வெப்பத்தைக் கதிர்வீச்சாக வெளியேற்றிக்கொண்டிருந்தன. அவை குறைந்தால் சுடர் மேலும் சூடாகும். ஆக, புகையைக் குறைக்கும் அதே குணம் இன்னொரு நச்சைக் கூட்டுகிறது. எண்ணெயின் வகையும் முக்கியம். தேங்காய் எண்ணெய் மாதிரி நிறைவுற்ற கொழுப்பு மிகுந்தவற்றின் பயோடீசலுக்குச் சீட்டேன் எண் அதிகம், நைட்ரஜன் ஆக்சைடு பிரச்சினை குறைவு. சோயா மாதிரி நிறைவுறாத எண்ணெய்களில் அது அதிகம். ஆனால் நிறைவுற்றவை குளிரில் உறைந்துவிடும். மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இனி எண்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2002-இல் அதுவரை வந்த பரிசோதனைகளைத் திரட்டி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. கனரக வாகன என்ஜின்களில் பி20 கலவையால் துகள் மாசு சுமார் 10 சதவீதமும், கார்பன் மோனாக்சைடு 11 சதவீதமும், ஹைட்ரோகார்பன் 21 சதவீதமும் குறைந்தன. நைட்ரஜன் ஆக்சைடு 2 சதவீதம் கூடியது. கலக்காத பயோடீசலில் துகள் மாசு ஏறக்குறைய பாதியாகியது, நைட்ரஜன் ஆக்சைடு 10 சதவீதம் ஏறியது. அந்த 2 சதவீதத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். பல என்ஜின்களின் அளவீடுகளைத் திரட்டிய பிறகு கிடைத்த சராசரி அது. ப்யூரெட்டில் எண்ணெய் இறங்குவதை ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்க்கும் ஓர் ஆய்வகத்தில், ஒரே என்ஜினில், மூன்று ரீடிங் எடுத்து இரண்டு சதவீத வித்தியாசத்தைக் கண்டுபிடித்தோம் என்பது நம்பிக்கையே தவிர அளவீடு அல்ல. பி20-க்கும் பி25-க்கும் நடுவே வெற்றியாளரை அறிவிக்கும் வரைபடங்களைப் பார்க்கும்போது, பிழைக்கோடுகள் எங்கே என்று எந்தக் கைடும் கேட்பதில்லையோ என்றுதான் தோன்றுகிறது.

ஆய்வகத்துக்கு வெளியே நடந்த கதைக்கு வைவாவைவிட விலை அதிகம். 2003-இல் திட்டக்குழுவின் குழு ஒன்று, தரிசு நிலங்களில் காட்டாமணக்கை நட்டு நாட்டின் டீசலில் 20 சதவீதத்தை மாற்றலாம் என்று பரிந்துரைத்தது. அதற்குத் தேவைப்பட்ட நிலம் ஒரு கோடி ஹெக்டேருக்கும் மேல்! ஆடு கடிக்காது, தண்ணீர் கேட்காது, எங்கும் வளரும் என்று சொல்லப்பட்டது. வேலியோரத்தில் அனாதையாக நின்ற செடி ஒரே நாளில் பச்சைத் தங்கமானது. தமிழ்நாட்டிலும் பல விவசாயிகள் நம்பி நட்டார்கள். தண்ணீர் இல்லாமல் காட்டாமணக்கு உயிரோடு இருக்கும் என்பது உண்மைதான். உயிரோடு இருப்பது வேறு, காய்ப்பது வேறு. காய்கள் ஒரே சமயத்தில் பழுப்பதில்லை, திரும்பத் திரும்ப ஆள் விட்டுப் பறிக்க வேண்டும். நச்சு இருப்பதால் பிண்ணாக்கை மாட்டுக்கும் போட முடியாது. 2006 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த கொள்முதல் கொள்கையில் பயோடீசலுக்கு லிட்டருக்கு 25 ரூபாய் விலை வைத்தார்கள், தயாரிப்புச் செலவு அதைத் தாண்டியது. கோவை, திருவண்ணாமலை மாவட்டங்களின் தோட்டங்களை ஆராய்ந்து பெரே அரிசா மோந்தோபியோவும் சரத்சந்திர லேலேயும் 2010-இல் வெளியிட்ட கட்டுரை, விளைச்சல் எதிர்பார்த்ததைவிட மிகவும் குறைவு, மானாவாரி விவசாயியை இது மேலும் ஏழையாக்கக்கூடும் என்றது. 2009-இன் தேசியக் கொள்கை 2017-க்குள் 20 சதவீதம் என்று மறுபடியும் அறிவித்தது. அது நடக்கவில்லை. 2018-இன் கொள்கை இலக்கை 2030-க்குள் 5 சதவீதம் என்று இறக்கிக்கொண்டது. செடியைப் பிடுங்கிப் போட்ட விவசாயிக்கு இடையில் போன ஆண்டுகளை எந்தக் கொள்கையும் திருப்பித் தரவில்லை.

இந்த 5 சதவீதமும் சின்ன அளவு அல்ல. நாடு ஆண்டுக்கு ஏறத்தாழ 9 கோடி டன் டீசல் எரிக்கிறது. அதில் ஐந்து சதவீதம் என்றால் 45 லட்சம் டன். கிடைக்கும் பயோடீசல் கொஞ்சம்தான் என்னும்போது அதை எல்லா டேங்கிலும் சொட்டுச் சொட்டாகத் தெளிப்பதில் புகைக்கு என்ன பயன்? 2020 ஏப்ரல் முதல் விற்பனையாகும் பிஎஸ்-6 லாரியிலும் பேருந்திலும் கரியைப் பிடிக்க வடிகட்டியும், நைட்ரஜன் ஆக்சைடை உடைக்க வினையூக்கியும் இருக்கின்றன. உள்ளே புகை பத்து சதவீதம் குறைந்தாலும் வெளியே குழாயில் பெரிய மாற்றம் தெரியாது. மாறாக, வடிகட்டியைச் சுத்தப்படுத்தக் கூடுதலாகப் பீய்ச்சப்படும் எரிபொருளில் பயோடீசலின் பங்கு எளிதில் ஆவியாகாமல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி என்ஜின் ஆயிலில் கலக்கும். தயாரிப்பில் தங்கிவிட்ட சோடியமும் பொட்டாசியமும் வினையூக்கியைக் கெடுக்கும். கந்தகம் நீக்கிய டீசலில் குறைந்துபோன வழுக்குத்தன்மையை இரண்டு சதவீதம் பயோடீசலே மீட்டுத் தரும் என்ற ஒரு நன்மை உண்டு, அதற்கு இரண்டு போதும்.

வடிகட்டி எதுவும் இல்லாத என்ஜின்கள் எங்கே இருக்கின்றன? கிணற்றடி ஆயில் என்ஜினில், கல்யாண மண்டபத்துப் பழைய ஜெனரேட்டரில், காசிமேட்டு விசைப்படகில். இவற்றின் புகை நேராக ஒரு மனிதரின் மூக்குக்குப் போகிறது. இங்கே பாதிக்குப் பாதியோ முழுதாகவோ பயோடீசல் ஊற்றினால் குறையும் புகை கண்ணுக்கே தெரியும். முன்கூட்டியே நடக்கும் பீய்ச்சலைச் சரிசெய்யப் பெரிய கம்ப்யூட்டர் தேவையில்லை, பம்புக்கடியில் ஒரு ஷிம் தகடு கூட்டினால் டைமிங் பின்னுக்குப் போகும். ஆய்வகத்து ஒற்றை சிலிண்டர் கிர்லோஸ்கரும் இதே ஜாதிதான்! மாணவர்களின் முடிவுகள் நெடுஞ்சாலை லாரிக்குப் பொருந்துவதைவிடக் கிணற்றடிக்குத்தான் நன்றாகப் பொருந்தும். அதை அவர்கள் முடிவுரையில் எழுதுவதே இல்லை.

இதில் சிரமங்கள் இல்லாமல் இல்லை. பயோடீசல் பழைய டேங்கின் அழுக்கைக் கரைத்துக் கொண்டுவந்து முதல் சில வாரங்கள் ஃபில்டரை அடைக்கும். சாதாரண ரப்பர் வாஷர்கள் ஊதிப்போகும், மாற்ற வேண்டும். அது ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும், படகில் அது பெரிய தலைவலி. அறுவடை முடிந்து மாதக்கணக்கில் நிற்கும் பம்புசெட் டேங்கில் காற்றுப்பட்டுக் கெட்டுப் பிசினாகும். "எல்லாவற்றையும் டெப்போவிலேயே கலந்துவிட்டால் வேலை சுலபம், ஊர் ஊராக யார் தனியாகக் கொண்டுபோய்க் கொடுப்பது?" என்று எண்ணெய் நிறுவனங்கள் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. தனியாக விற்றால் பயோடீசல் என்ற பெயரில் கண்டதையும் விற்பவர்கள் முளைப்பார்கள் என்ற பயமும் நியாயமானதே.

ஆனாலும் மூலப்பொருள் இப்போது வயலிலிருந்து ஊருக்குள் வந்திருக்கிறது. உணவுப் பாதுகாப்புத் தர நிர்ணய ஆணையம் 2018-இல் பயன்படுத்திய சமையல் எண்ணெயைச் சேகரித்துப் பயோடீசலாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் சமைக்கக் கூடாது என்ற விதியும் அந்த ஆண்டே வந்தது. இதற்கு ஓர் ஏக்கர் நிலமும் வேண்டாம். இந்தோனேசியா 2025-இல் 40 சதவீதக் கலப்புக்குப் போயிருக்கிறது என்று மேற்கோள் காட்டுபவர்கள், அது பாமாயில் என்பதையும், எண்ணெய்ப்பனைக்காக அங்கே காடு அழிந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பழைய எண்ணெயில் அமிலம் கூடியிருக்கும். காரத்தைச் சேர்த்தால் பயோடீசலுக்குப் பதில் சோப்பு கிடைக்கும். முதலில் அமிலத்தைப் பக்குவப்படுத்த வேண்டும். கடைக்குக் கடை எண்ணெய் மாறும், பஜ்ஜிக்கடை எண்ணெயும் சிப்ஸ் கடை எண்ணெயும் ஒன்றல்ல. அதை எப்படி ஒரே தரத்துக்குக் கொண்டுவருவது, எத்தனை மாதம் டேங்கில் கெடாமல் வைப்பது, ஐந்நூறு மணி நேரம் ஓடிய பின் இன்ஜெக்டர் முனை எப்படி இருக்கும்? அடுத்த ஜனவரியில் புதிதாக ஒரு விதையைத் தேடிப் புறப்படும் குழுக்களுக்கு இந்தக் கேள்விகள் கல்லூரி கேன்டீனின் பின்வாசலிலேயே தகர டின்னில் காத்திருக்கின்றன.