தாமதம் என்னும் கணக்கு

படிப்பா விளையாட்டா என்று கேட்டுப் பிள்ளைகளை முச்சந்தியில் நிறுத்துவது நம் வழக்கம். சோம்தேவ் தேவ்வர்மன் இரண்டையும் கைவிடவில்லை. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் படித்தபடியே 2007, 2008 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்கக் கல்லூரி டென்னிஸின் ஒற்றையர் பட்டத்தை வென்றார். 2007 இறுதியாட்டத்தில் அவரிடம் தோற்றவர் ஜான் இஸ்னர்.

தொழில்முறை ஆட்டக்காரரானபோது வயது 23. நடால் அதற்குள் நான்கு பிரெஞ்சு ஓபன்களை வென்றுவிட்டிருந்தார். தாமதம்தான். ஆனால் 2009 ஜனவரியில், சென்னை ஓபனில் சிறப்பு அனுமதியுடன் நுழைந்த சோம்தேவ், மோயாவையும் கார்லோவிச்சையும் வீழ்த்தி இறுதிவரை சென்றார்; சிலிச்சிடம்தான் தோற்றார்.

பயிற்சியாளர், ஆடுகளம், இடைவிடாத போட்டிகள்: குடும்பத்தின் கைப்பணம் கரையாமல் இவற்றைத் தந்தது கல்லூரி. நம் கல்லூரிகளோ பெரும்பாலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் இடம் தந்ததும் கடமை முடிந்ததென்று கருதுகின்றன. முச்சந்தியை உருவாக்கியவர்கள் நாமே அல்லவா?