மேயர் மாறினார், நம்மிடம் யார் கேட்டார்கள்?

2024 ஜூலை 3 அன்று ஒரே நாளில் கோவை, திருநெல்வேலி ஆகிய இரு மாநகராட்சிகளின் மேயர்கள் பதவி விலகினார்கள். ஒருவர் உடல்நிலையைக் காரணமாகச் சொன்னார், மற்றவர் குடும்பச் சூழ்நிலையைச் சொன்னார். நெல்லையில் உண்மைக் காரணம் ஊருக்கே தெரிந்ததுதான். மேயருக்கும் அவருடைய சொந்தக் கட்சிக் கவுன்சிலர்களுக்கும் நீண்ட நாளாக ஒத்துப்போகவில்லை. அந்த ஆண்டு ஜனவரியிலேயே அவர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். கூட்ட நாளன்று கவுன்சிலர்கள் யாருமே மன்றத்துக்கு வராததால் தீர்மானம் விழுந்தது. ஆறு மாதம் கழித்து மேயரே விலகினார். ஆகஸ்டில் நடந்த தேர்தலில் ஆளுங்கட்சி வேட்பாளரை எதிர்த்து அதே கட்சியின் கவுன்சிலர் ஒருவரே நின்றார். கட்சியின் வேட்பாளர் வென்று மேயரானார்.

மேலப்பாளையத்தில் எனக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர் இருக்கிறார். மாமா என்றுதான் கூப்பிடுவேன். சிறு வயதில் துணிக்கடைக் கணக்கு எழுதியவர், இப்போது ஓய்வு. தினமும் இரண்டு பத்திரிகை படிப்பார், அஸருக்குப் பிறகு டீக்கடையில் அதைப் பற்றிப் பேசுவார். அந்த ஆகஸ்டில் அவர் கேட்டார்: "ஓட்டு நம்ம போட்டோம். கவுன்சிலரு மேயரத் தேர்ந்தெடுத்தாரு. இப்ப மேயரு போயிட்டாரு, வேற மேயரு வந்துட்டாரு. நடுவுல நம்ம எங்க ஹஜ்ரத்?"

சாதாரணக் குடிமகனின் இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பதில் அடிக்கடி மாறியிருக்கிறது. தமிழ்நாட்டில் 1996, 2001, 2011 தேர்தல்களில் மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006-இல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2019 நவம்பரில் ஓர் அவசரச் சட்டம் மூலம் மறைமுகத் தேர்தல் கொண்டுவரப்பட்டது, 2022-இல் அப்படியே நடந்தது. இரண்டு பெரிய கட்சிகளும் தங்களுக்கு எது வசதியோ அதைச் செய்திருக்கின்றன. கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கும் முறையில் மேயர் யார் என்பதைக் கட்சித் தலைமை தீர்மானிக்கும். கூட்டணிக் கட்சிகளுக்கு எந்த நகரத்தைக் கொடுப்பது என்று பேரம் பேசவும் அது வசதி.

மாமாவின் தீர்வு, நேரடித் தேர்தல். இதில் எனக்குப் பாதி உடன்பாடுதான். நேரடியாக வந்த மேயருக்கும் எதிர்க்கட்சி பெரும்பான்மையுள்ள மன்றத்துக்கும் மோதல் வந்தால் தீர்மானங்கள் தேங்கிவிடும். அதைவிட முக்கியம், மேயர் எப்படி வந்தாலும் நிர்வாக அதிகாரம் ஆணையர் கையில் இருக்கிறது. ஆணையரை நியமிப்பது மாநில அரசு. சென்னையில் உட்கார்ந்திருக்கும் துறையின் ஒப்புதல் இல்லாமல் மேயரால் ஒரு பொறியாளரைக்கூட இடம் மாற்ற முடியாது. 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியலமைப்புத் திருத்தம் உள்ளாட்சிகளைத் தன்னாட்சி அமைப்புகள் என்று சொல்கிறது. எந்த அதிகாரத்தை இறக்கிக் கொடுப்பது என்ற முடிவை மட்டும் மாநிலங்களிடமே விட்டுவிட்டது. டில்லி தன் அதிகாரங்களைப் பறிக்கிறது என்று சரியாகவே குரல் கொடுக்கும் மாநில அரசுகள், தங்களுக்குக் கீழே உள்ள மாநகராட்சிக்கு அதையேதான் செய்கின்றன. இது எல்லாக் கட்சி ஆட்சியிலும் பார்த்தது.

அடுத்தது வரி. 2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்ந்தது. சென்னை நீங்கலான மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீட்டுக்கு 100 சதவீதம். 15-வது நிதிக்குழு வைத்த நிபந்தனை, உயர்த்தாவிட்டால் மத்திய மானியம் கிடைக்காது என்று அரசு காரணம் சொன்னது. அந்தக் காரணம் பொய்யில்லை. பல ஆண்டுகளாக வரியை மாற்றாமல் வைத்திருந்ததும் உண்மை. ஆனால் இதற்கு முன் நடந்ததையும் நினைவில் வையுங்கள். 2018-இல் அப்போதைய அரசு வீடுகளுக்கு 50 சதவீதம்வரை வரியை உயர்த்தியது. 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் நெருங்கியபோது, அதே அரசு அதை நிறுத்திவைத்தது. தேர்தல் முடிந்து மன்றங்கள் பதவியேற்ற அடுத்த மாதம் புதிய உயர்வு வந்தது. வாக்காளரின் கருத்துக்கு எந்த மாதத்தில் விலை இருக்கிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

பரப்பளவை வைத்து வரி போடுவதில் நம் போன்ற ஊர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. மேலப்பாளையம், காயல்பட்டினம், கீழக்கரை எதை எடுத்தாலும், வாப்பா, பெரியத்தா காலத்து வீடு பாகம் பிரியாமல் நிற்கும். உள்ளே மூன்று குடும்பம் இருக்கும். சதுர அடியில் அது பெரிய வீடு. வருமானத்தில் பீடி சுற்றும் வீடு. பாகம் பிரித்துத் தனித்தனி வரிவிதிப்பு எண் வாங்கினால் ஒவ்வொரு குடும்பமும் குறைந்த விகிதத்துக்குள் வர வாய்ப்புண்டு. அதைச் செய்யாமல் மவுத்தானவர் பெயரிலேயே ரசீது வாங்கிக்கொண்டிருக்கிறோம். வாரிசுரிமைச் சட்டம் தெரிந்த ஆலிம்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பாகப் பிரிவினைக்கு அவர்களிடம் வருகிறவர்கள் பத்திரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள், மாநகராட்சிக் கணக்கில் பெயர் மாற்றுவதில்லை. அரையாண்டு தொடங்கி முதல் 30 நாளுக்குள் வரி கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு என்பதும் பலருக்குத் தெரியாது.

இனி செய்தி விஷயம். காஸாவில் நேற்று என்ன நடந்தது, நாடாளுமன்றத்தில் வக்ஃப் சட்டம் குறித்து யார் என்ன பேசினார் என்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிகிறது. தெரிய வேண்டியதுதான். தங்கள் வார்டு எண் என்ன என்று கேட்டால் முழிக்கிறார்கள். இதைப் பிள்ளைகளின் குற்றமாக மட்டும் நான் பார்க்கவில்லை. தமிழ்த் தொலைக்காட்சிகளில் பாதி ஏதாவதொரு கட்சியின் நிழலில் இருக்கின்றன. மாமன்றக் கூட்டத்தில் எந்தத் தீர்மானம் நிறைவேறியது என்பது அவற்றுக்குச் செய்தியல்ல, நாற்காலி பறந்தால் மட்டும் செய்தி. மீதியை வாட்ஸ்அப் பார்த்துக்கொள்கிறது.

ஆனாலும் உள்ளூர்க்காரன் வாய் திறந்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. 2024 டிசம்பரில் கொடகநல்லூர், நடுக்கல்லூர் பகுதிகளில் கேரள மருத்துவமனைக் கழிவுகள் கொட்டப்பட்டுக் கிடந்ததை ஊர்மக்கள் வெளியே கொண்டுவந்தார்கள். அது செய்தியாகி, பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, கேரள அரசே லாரிகளை அனுப்பிக் கழிவை அள்ளிக்கொண்டு போனது. அது வெளிமாநிலக் கழிவு, அதனால் எல்லாருக்கும் கோபம் வந்தது. நம் நகரம் தினமும் ராமையன்பட்டிக்கு அனுப்பும் குப்பையும், தாமிரபரணியில் கலக்கும் நம்முடைய சாக்கடையும் அந்த அளவுக்கு யாரையும் கோபப்படுத்துவதில்லை. ஆற்றில் கழிவுநீர் கலப்பதை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை விசாரிக்க வேண்டி வந்தது.

மாமாவின் கருத்துகள் எல்லாம் டீக்கடைப் பெஞ்சில் பிறப்பவை. அந்தப் பெஞ்சில் பெண்கள் இல்லை. குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை நிமிடத்தில் நிற்கிறது, எந்தத் தெருவிளக்கு எரியாததால் டியூஷன் போன பிள்ளை தனியே வரப் பயப்படுகிறது என்பதெல்லாம் அவருடைய மருமகளுக்குத்தான் தெரியும். வார்டுகளில் பாதி பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் பல இடங்களில் கவுன்சிலரின் வீட்டுக்காரரைத்தான் மக்கள் "கவுன்சிலர்" என்று கூப்பிடுகிறார்கள். நம் சமுதாயத்துப் பெண் கவுன்சிலர்கள் விஷயத்திலும் இது நடக்கிறது. மார்க்கத்தின் பெயரால் இதற்கு நியாயம் சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: வேட்புமனுவில் கையெழுத்துப் போட அந்தப் பெண் தகுதியானவர் என்றால், மன்றத்தில் பேசவும் தகுதியானவர்தான்.

இவர்கள் எல்லாரும் பேசுவதற்குச் சட்டம் ஓர் இடம் வைத்திருக்கிறது. கிராமத்துக்கு கிராம சபை இருப்பதுபோல நகரத்துக்குப் பகுதி சபை. இதற்கான சட்டத் திருத்தம் 2010-இலேயே வந்தது. விதிகள் வருவதற்கு 2022 ஆகிவிட்டது. அந்த ஆண்டு நவம்பர் 1-இல் தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் அன்றைய முதலமைச்சர் ஸ்டாலின் கலந்துகொண்டார். ஒவ்வொரு வார்டும் பல பகுதிகளாகப் பிரிக்கப்படும். சென்னையில் வார்டுக்குப் பத்து. அந்தப் பகுதியின் வாக்காளர் எவரும் சபைக்குப் போகலாம், ஆண் பெண் வித்தியாசமில்லை. ஆண்டுக்கு நான்கு முறை கூட வேண்டும்.

குறையும் இருக்கிறது. பகுதி சபையின் பிரதிநிதியை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, நியமிக்கிறார்கள். நடைமுறையில் அது கவுன்சிலரின் விருப்பப்படி அமைகிறது. கேள்வி கேட்க வேண்டியவரைக் கேள்விக்கு உள்ளாகிறவரே தேர்ந்தெடுத்தால் எப்படி இருக்கும்? கூட்டம் நடந்ததே தெரியவில்லை என்ற புகார் பல நகரங்களிலிருந்து வருகிறது. கூட்ட நாளை முன்கூட்டியே கேட்டு வாங்கி, ஜும்ஆவுக்குப் பிறகு அறிவிப்பதற்கு மஹல்லா ஜமாஅத்துகளுக்கு எந்தத் தடையும் இல்லை. ஜனாஸா அறிவிப்புக்கும் சந்தா பாக்கிக்கும் பயன்படும் அதே ஒலிபெருக்கிதானே. பெண்கள் மதரஸாக்களிலும் சொல்லலாம்.

எண்ணிக்கையை யோசித்துப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பின்படி நெல்லை மாநகராட்சியின் மக்கள்தொகை ஏறக்குறைய 4.7 லட்சம், வார்டுகள் 55. வார்டுக்குச் சராசரியாக எட்டாயிரத்து ஐந்நூறு பேர். நாடாளுமன்றத் தொகுதியில் ஐம்பது பேரின் கருத்து காற்றோடு போய்விடும். ஒரு பகுதி சபையில் ஐம்பது பேர் வந்து, தெருவிளக்குப் பட்டியலைக் கையெழுத்தோடு கொடுத்து, நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்யச் சொன்னால், கவுன்சிலர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட முடியாது.

2022 மார்ச்சில் பொறுப்பேற்ற மன்றங்களின் ஐந்தாண்டு 2027 தொடக்கத்தில் முடிகிறது. காலம் முடியும் முன்பே தேர்தல் நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 243யூ பிரிவு. சென்ற முறை என்ன ஆயிற்று? 2016 அக்டோபரில் நடக்க இருந்த தேர்தலை, இடஒதுக்கீட்டு அறிவிப்பில் இருந்த கோளாறுகளுக்காக உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு வார்டு மறுவரையறை, வழக்கு, மறுபடி வழக்கு என்று இழுத்து, நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரி 19-இல்தான் நடந்தது. ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கவுன்சிலரே இல்லை. தனி அலுவலர்கள் ஆண்டார்கள், கட்சிகள் ஒன்றையொன்று குறைசொல்லிக்கொண்டிருந்தன. உள்ளாட்சித் தேர்தலுக்குச் சட்டமன்ற வாக்காளர் பட்டியல்தான் அடிப்படை என்பதால், 2025 நவம்பரில் தொடங்கிய தீவிரத் திருத்தத்தில் பெயர் விடுபட்டவர்களுக்கு அங்கும் ஓட்டு இருக்காது. அவர்கள் படிவம் 6 கொடுத்துப் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். வார்டு எல்லை, இடஒதுக்கீடு பற்றிய அறிவிப்புகள் எப்போது வருகின்றன என்பதைக் கவனியுங்கள், மாமாவிடமும் சொல்லியிருக்கிறேன். சென்ற முறை தாமதம் தொடங்கியது அங்கேதான்.