வீட்டில் கட்டும் பாட்டரியும் சர்க்காரின் கடமையும்

காவேரிப் பாசனப் பிரதேசம் மேடு பள்ளம் அறியாத சமவெளி. தஞ்சையிலிருந்து நாகப்பட்டினம் வரையில், சைக்கிளை விட்டு இறங்கித் தள்ள வேண்டிய ஏற்றம் என்று ஆற்றுப் பாலங்களைத் தவிர வேறொன்றும் கிடையாது. ஆகையால்தான் உர மூட்டையும் புல்லுக்கட்டும் பால் பாத்திரமும் இங்கே சைக்கிளிலேயே போய்ப் பழகின. சமீப காலமாக அந்தச் சைக்கிளில் ஒரு சிறு மோட்டாரும் பாட்டரியும் ஏறியிருக்கின்றன. 250 வாட்டுக்கு உட்பட்ட சக்தியும், மணிக்கு 25 கிலோமீட்டருக்கு உட்பட்ட வேகமும் உடையதாய், பரிசோதனை நிலையத்தின் அங்கீகாரமும் பெற்ற வண்டியை மத்திய மோட்டார் வாகன விதிகள் மோட்டார் வாகனமாகவே கணக்கிடுவதில்லை. லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம், பெட்ரோல் வேண்டாம். சாகுபடிக்காரனுக்கு இது பெரிய உதவி என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் பாட்டரி பாதி வழியில் நின்றுவிடுகிறது. 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி அளவுள்ள சாதாரணப் பாட்டரியில் இருப்பது 360 வாட்-மணி. அதாவது மின்சாரக் கணக்கில் அரை யூனிட்டுக்கும் குறைவு. மிதித்துக்கொண்டே போனால் அது சுமார் 25, 30 கிலோமீட்டருக்குத் தாங்கும். தஞ்சையிலிருந்து திருவையாறு போய்த் திரும்பலாம். கும்பகோணம் போக 40 கிலோமீட்டர் ஆகிறதே! மூட்டை ஏற்றினால் இன்னும் குறையும். கடையில் இரண்டாவது பாட்டரி வாங்கப் பணம் இல்லாதவர்கள் தாமே ஒன்று கட்டிக்கொள்ளத் துணிகிறார்கள். பழைய மடிக் கம்ப்யூட்டர்களிலிருந்து கழற்றிய செல்களைக் காயலான் கடையில் பொறுக்கி, நிக்கல் தகடு வைத்து ஒட்டி, டேப்பைச் சுற்றி வண்டியில் மாட்டும் வேலை நாட்டின் பல பாகங்களிலும் நடந்து வருகிறது.

இதை இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். ‘இதுவல்லவோ சுதேசி!’ என்று மெச்சுகிறவர்கள் ஒரு சாரார். ‘தீ வைத்துக்கொள்ளும் பைத்தியக்காரத்தனம், உடனே தடை செய்ய வேண்டும்’ என்பவர்கள் மற்றொரு சாரார். இரு கட்சியாரும் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

பெட்டியில் இருப்பது 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள லித்தியம் செல்கள். ஒவ்வொன்றும் 3.6 வோல்ட், முழுக்கச் சார்ஜ் ஏறினால் 4.2 வோல்ட். இவற்றில் பத்தை வரிசையாகக் கோத்தால் 36 வோல்ட் கிடைக்கும். நான்கு நான்காகப் பக்கத்தில் சேர்த்துக் கோத்தால், 2.5 ஆம்பியர்-மணி வீதம் 40 செல்லில் 10 ஆம்பியர்-மணி சேரும். கணக்கு இவ்வளவுதான், பள்ளிக்கூடப் பையனும் போட்டுவிடுவான். கஷ்டம் கணக்கில் இல்லை. வரிசையில் ஒரு செல் நோஞ்சானாக இருந்தால், கிழட்டு மாட்டோடு இளங்காளையை ஏரில் பூட்டிய கதைதான். மற்றவை ஓடிக்கொண்டிருக்கும்போதே அது காலியாகிவிடும்; சார்ஜ் போடும்போது மற்றவை நிறைவதற்குள் அது 4.2 வோல்ட்டைத் தாண்டிவிடும். தாண்டினால் உள்ளே லித்தியம் உலோகமாகவே படியும், சூடு ஏறும், உள்ளிருக்கும் திரவமோ எளிதில் தீப்பற்றக்கூடியது. ஒரு செல்லின் சூடு அடுத்த செல்லைப் பற்றவைக்கப் பல நிமிஷங்கள் வேண்டியதில்லை. ஒவ்வொரு செல் வரிசையையும் தனித்தனியே கண்காணித்து, அளவு மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் பி.எம்.எஸ். பலகை இதற்காகவே இருக்கிறது. சில நூறு ரூபாயை மிச்சம் பிடிப்பதாக எண்ணி அதை விட்டுவிடுகிறவன் வீட்டையே பணயம் வைக்கிறான்.

மாற்றுப் பாட்டரி விஷயத்தில் வேறோர் அபாயமும் உண்டு. ஓடிக் களைத்த பாட்டரி 35 வோல்ட்டில் நிற்கும். புதிதாகச் சார்ஜ் போட்டது 42 வோல்ட்டில் நிற்கும். இரண்டையும் ஒன்றாக இணைத்துவிட்டால் என்ன ஆகும்? நீர்மட்டம் வேறுபட்ட இரண்டு வாய்க்கால்களுக்கு நடுவே கரையை வெட்டிவிட்டால் என்ன ஆகும் என்று நம் விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கனத்த மின்னோட்டம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாயும். கம்பியும் தகடும் பழுக்கும். ஒரு நேரத்தில் ஒரு பாட்டரியே ஓட வேண்டும். ஒன்றை நிறுத்திய பிறகுதான் மற்றொன்றை இணைக்கக்கூடிய சுவிட்சும், ஒவ்வொன்றுக்கும் தனி ப்யூஸும் இல்லாமல் இரண்டாவது பாட்டரியை வண்டியில் ஏற்றவே கூடாது.

இதை நாம் பயமுறுத்திச் சொல்லவில்லை. 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றி, புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் மாண்டார்கள். அவ்வாண்டு நாட்டின் பல இடங்களில் இவ்வித விபத்துக்கள் நேர்ந்த பிறகே மத்திய சர்க்கார் விழித்துக்கொண்டு பாட்டரிப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கிற்று. 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலுமாக இரண்டு கட்டங்களில் அவை அமலுக்கு வந்தன. நல்ல காரியம். ஆனால் அந்த விதிகள் தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் வண்டிகளைத்தான் கட்டுப்படுத்தும். அங்கீகாரம் பெற்ற சைக்கிளில், திண்ணையில் கட்டிய பாட்டரியை மாட்டுகிறவனை எந்த விதியும் எட்டிப் பார்ப்பதில்லை. தடை உத்தரவு போட்டால் மட்டும் எட்டிவிடுமா? திண்ணையில் நடப்பது கொல்லைக்குப் போகும், அவ்வளவே.

சுதேசி என்று கொண்டாடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கட்டுகிறவன் தமிழன், செல் எங்கிருந்து வந்தது? இன்றும் நம் நாட்டில் புழங்கும் லித்தியம் செல்களில் பெரும்பகுதி வெளிநாட்டுச் சரக்கு, முக்கியமாகச் சீனச் சரக்கு. அந்நிய நூலை வாங்கி இங்கே நெய்தால் அது கதராகிவிடாது.

இதில் வேதனை என்னவென்றால், தஞ்சைக்குத் தெற்கே சுமார் 100 கிலோமீட்டரில் காரைக்குடி இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25-ல் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 ஜனவரியில் திறக்கப்பட்டது. பாட்டரி என்ற ஒரு விஷயத்தில் இந்தியா முழுமைக்கும் தலைமடையாக இருக்க வேண்டிய ஸ்தாபனம் அது. லித்தியம் செல்லைச் சுதேசியாகச் செய்யும் முறையை அந்த நிலையத்து விஞ்ஞானிகள் வகுத்தார்கள். 2018 ஜூனில் அதைத் தனியார் கம்பெனி ஒன்றுக்கு வழங்க ஒப்பந்தமும் ஆயிற்று. 2021-ல் மத்திய சர்க்கார் செல் உற்பத்திக்கென்று 18,100 கோடி ரூபாய் ஊக்கத் திட்டம் அறிவித்தது. அறிவு இருக்கிறது, பணமும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் தலைமடையில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வரவில்லை. மன்னார்குடியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் வாலிபன் கையில் இருப்பது காயலான் கடைச் செல்தான்.

பெரிய தொழிற்சாலை எழும்போது எழட்டும். அதற்கு முன் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதிகச் செலவும் இல்லை. டெல்டாவிலுள்ள சர்க்கார் தொழிற்பயிற்சி நிலையங்களில், காரைக்குடி நிபுணர்களைக் கொண்டு சைக்கிள் கடைக்காரர்களுக்குப் பயிற்சி அளிக்கலாம். செல்லின் கொள்ளளவை அளந்து இனம் பிரிப்பது, சாலிடர் வைத்துச் செல்லைச் சுடாமல் ஸ்பாட் வெல்டிங் செய்வது, பி.எம்.எஸ். இணைப்பது, ப்யூஸ் கணக்கிடுவது ஆகியவற்றைச் சில வாரங்களில் கற்றுக்கொடுத்துவிடலாம். அங்கேயே ஒரு பரிசோதனை மேஜை வைத்து, கட்டிய பாட்டரியைச் சொற்பக் கட்டணத்தில் சோதித்து முத்திரை குத்திக் கொடுக்கலாம். முத்திரை இல்லாத பாட்டரியை விற்பவனைத் தண்டிப்பதற்கு அப்போதுதான் சர்க்காருக்கு நியாயம் பிறக்கும். வீணான செல்களைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022-ம் வருஷத்துப் பாட்டரிக் கழிவு விதிகள் உற்பத்தியாளர்கள் மேல் வைத்திருக்கின்றன. அந்த விதி காகிதத்தை விட்டு இறங்கினால் காயலான் கடைக்கு இந்தச் சரக்கே வராது.

இதை வாலிபர்களின் பொழுதுபோக்கு என்று சர்க்கார் தள்ளிவிடலாகாது. 2018 நவம்பர் 16-ல் கஜாப் புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி மின்கம்பங்களைச் சாய்த்தபோது, டெல்டாவின் பல கிராமங்கள் வாரக் கணக்கில் இருளில் கிடந்தன. நன்றாகக் கட்டிய ஒரு பாட்டரி வீட்டில் இருந்திருந்தால் ஒரு விளக்காவது எரிந்திருக்கும், டெலிபோனாவது பேசியிருக்கும்.

ஏற்கெனவே கட்டி வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தொழிற்பயிற்சி நிலையம் வரும் வரையில் காத்திருக்க வேண்டாம். ஐப்பசி மழைக்கு முன், விஷயம் தெரிந்த மெக்கானிக்கைக் கொண்டு பெட்டியைத் திறந்து, தகட்டில் துரு ஏறியிருக்கிறதா, செல் எதுவும் உப்பியிருக்கிறதா, ஒவ்வொரு வரிசையும் ஒரே வோல்ட்டில் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வெயிலில் வந்த பாட்டரியை ஆறவிட்டுச் சார்ஜ் போடுங்கள். படுக்கும் அறையிலும், வாசற்படி வழியிலும், வைக்கோற்போர் அருகிலும் போட வேண்டாம்.