ஒரகடம் பஸ்ஸில் கவிதாக்கள்!

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் போனால், கம்பெனி பஸ்களின் ஜன்னலோரமெல்லாம் இளம்பெண்கள். காதில் இயர்போன், கண்ணில் தூக்கம். சம்பளம் ஏறிய அன்றே ஊருக்கு ஜி-பே பறக்கும். தங்கை ஃபீஸ், அப்பா வாங்கிய கடன், தம்பிக்கு செல்போன்.

இந்தப் பெண்ணை 1974-லேயே எழுதிவிட்டார் கே.பாலசந்தர். 'அவள் ஒரு தொடர்கதை'யின் கவிதாவை நினைவிருக்கிறதா? விதவைத் தங்கை, பார்வையில்லாத தம்பி, குடிகார அண்ணன், அண்ணி, குழந்தைகள் என்று ஒரே சம்பளத்தில் ஒரு வீடே ஓடும். ஆனால், சுஜாதா நடித்த அந்தக் கவிதா கண்ணைக் கசக்கும் தியாகச் சுடர் இல்லை. வீட்டுக்குள் நுழைந்தாலே எரிந்து விழுவாள். காசு கொண்டுவருகிறவளுக்குக் கோபமும் வரும் என்று ஒரு ஹீரோயினை வைத்துச் சொன்னதுதான் பாலசந்தரின் துணிச்சல்.

மாதச் சம்பளக்காரர்களின் கஷ்டம் அவருக்குக் கேள்விப்பட்ட கதை இல்லை. முத்துப்பேட்டையில் வாத்தியார், பிறகு சென்னையில் ஏ.ஜி. ஆபீஸ் குமாஸ்தா. நாடகமெல்லாம் வேலை போக மிச்ச நேரத்தில் எழுதியது! 1973-ல் 'அரங்கேற்றம்'. மகள் எப்படிச் சம்பாதிக்கிறாள் என்று தெரியாமல் அந்தக் காசில் சாப்பிடும் குடும்பம், தெரிந்ததும் அவளையே ஒதுக்கும். 1981-ல் கோமல் சுவாமிநாதனின் நாடகத்தை 'தண்ணீர் தண்ணீர்' படமாக்கி, திரைக்கதைக்குத் தேசிய விருது வாங்கினார்.

சின்னத்திரையை சினிமாக்காரர்கள் இளக்காரமாகப் பார்த்த 90-களில் 'ரயில் சிநேகம்', 'கையளவு மனசு' என்று சீரியலுக்கும் வந்தார். சாகப்போகும் ஒரு அம்மா, தன் குழந்தைகளுக்கு ஒவ்வொரு வீடாகத் தேடும் கதையை இரண்டரை மணி நேரத்தில் சொல்லியிருக்க முடியுமா என்ன?

ஒரு குறை உண்டு. கவிதாவை அவ்வளவு கோபப்பட வைத்தவர், க்ளைமாக்ஸில் அவள் கல்யாணத்தை விட்டுக்கொடுக்க வைத்து, மறுபடி வேலைக்கே அனுப்பிவிடுகிறார். 'தொடர்கதை' என்று டைட்டில் வைத்தது பொருத்தம்தான். ஆனாலும் மனசு ஆறவில்லை.

சரியாக 50 வருடம் கழித்து, 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்கு அரசு விடுதி திறந்தது. 706.50 கோடி ரூபாய் செலவு, 18,720 படுக்கைகள். கவிதாவுக்குக் கிடைக்காத தனிக் கட்டில் இவர்களுக்கு இருக்கிறது. மாசக் கடைசியில் அவள் அக்கவுன்ட்டில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று வீட்டிலிருந்து ஒரு போன் வந்தால் இன்னும் நன்றாக இருக்கும்.