பச்சை உடம்பும் ஈரக் கூந்தலும்

பிள்ளை பெற்று வீடு திரும்பிய பெண்ணுக்குத் தலைக்கு ஊற்றும் நாள் நம் இல்லங்களில் ஒரு சிறு திருநாள். மாசி மகத் தீர்த்தவாரிக்கு ஊரே திரளும் வைத்திக்குப்பத்திலும் இவ்வழக்கம் இன்றும் குன்றாமல் இருக்கிறது. அன்று அடுப்பில் வெந்நீர் காயும். கொட்டாங்குச்சிக் கரியில் நெருப்புக் கனியும். தூபக்காலில் சாம்பிராணி தூவப்படும். கூடையைக் கவிழ்த்து அதன்மேல் கூந்தலை விரித்துப் புகை காட்டுவர். காற்றுப் படலாகாதென்று சன்னலும் கதவும் சாத்தப்பட்டிருக்கும். அதே அறையில், தாயின் அருகே, பச்சிளங் குழந்தை உறங்கிக்கொண்டிருக்கும்.

அக்குழந்தையை முன்னிட்டே இதனை எழுதுகிறோம். வளர்ந்த ஒருவர் ஓய்வில் நிமிடத்திற்குப் பன்னிரண்டு முதல் இருபது முறை மூச்சு விடுகிறார். பிறந்த குழந்தையோ நாற்பது முதல் அறுபது முறை விடுகிறது. தன் சிறு உடலின் எடைக்கு அது இழுக்கும் காற்று மிகுதி. அக்காற்றில் உள்ள புகையும் மிகுதி. கண்ணுக்குத் தெரியும் புகையோடு தொல்லை முடிவதுமில்லை. மூடிய அறையில் கனியும் கரி, மணமும் நிறமும் அற்ற கார்பன் மோனாக்சைடு வாயுவை வெளியிடும். அது தாயையும் சேர்த்தே மயக்கத்தில் ஆழ்த்த வல்லது. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருப்பின், அன்றிரவு அவருக்கும் இழுப்புதான்.

இதைச் சொல்லும்போதெல்லாம் வார்டில் ஏதேனும் ஓர் ஆயா எங்களை மறிப்பார். "ஏம்மா, தலை ஈரமா கிடந்தா தாய்க்குச் சீதளம் புடிக்கும், பால் வழியா புள்ளைக்கும் எறங்குமே, அதுக்கு என்ன சொல்றீங்க?" என்பார். அக்கேள்வியை நாங்கள் எள்ளுவதில்லை. சளியை உண்டாக்குவது வைரசு. ஈரத் தலை அதனை உண்டாக்காது. தாய்க்குச் சளி பிடித்தாலும் அது தாய்ப்பால் வழியே இறங்குவதில்லை. தும்மல், இருமல், கழுவாத கை ஆகியவற்றின் வழியே பரவுகிறது. இங்கிலாந்தின் சாலிசுபரி நகரில் 1946இல் தொடங்கிய சளி ஆய்வு நிலையத்தில், தாமே முன்வந்தோரை நனைந்த உடையோடு குளிர்காற்றில் நிறுத்திப் பார்த்தனர். அதனால் சளி கூடுதலாகப் பிடித்ததாகத் தெரியவில்லை. ஆனால் 2005இல் கார்டிஃப் நகரில் நடந்த ஓர் ஆய்வில், கால்களைக் குளிர்நீரில் வைத்திருந்தவர்களுள், அவ்வாறு வைக்காதவர்களைவிடக் கூடுதலானோர் அடுத்த சில நாட்களில் சளிக்குறிகளைச் சொன்னார்கள். ஆகவே ஆயாவின் அச்சம் முழுதும் வெறுங்கதை என்று நாங்கள் வாதிடப் போவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில், கடற்கரைக் காற்றின் ஈரத்தில், இடுப்பளவு கூந்தல் பொழுது சாயும்வரை உலராது என்பதும் உண்மையே. அறுவைச் சிகிச்சையில் பிள்ளை பெற்றவள் கைகளை உயர்த்தித் துவட்டவும் இயலாமல் ஈரத்தோடு படுத்துக்கிடப்பது துன்பந்தான். கூந்தலை உலர்த்தத்தான் வேண்டும். புகையால் வேண்டா என்பதே எங்கள் கருத்து.

இந்த இடத்தில்தான் தொப்பி வகை ஹேர் டிரையரைப் பரிந்துரைக்கிறோம். ஆடம்பரப் பொருளைப் பேறுகாலச் செலவில் சேர்ப்பதா என்று சிலர் முகம் சுளிப்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அலெக்சாந்தர் கோதெஃப்ருவா என்ற பிரெஞ்சு முடியலங்காரக் கலைஞர், தலைக்கு மேல் கவியும் தொப்பி ஒன்றை வாயு அடுப்பின் குழாயோடு இணைத்துக் கூந்தல் உலர்த்தினார். நம் பாட்டிமார் கவிழ்த்த கூடைக்கு அது தூரத்துச் சொந்தம். பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊரில் அதனை அந்நியமென்று தள்ளுவானேன்?

அழகு நிலையங்களில் நாற்காலிக்கு மேல் கவிழ்ந்து நிற்கும் கூண்டு வீட்டிற்கு வேண்டியதில்லை. துணித் தொப்பியும் நீண்ட குழாயும் கொண்டு, கையில் பிடிக்கும் சாதாரண டிரையரின் வாயில் பொருத்திக்கொள்ளும் வகையே போதும். வாங்குமுன் உங்கள் டிரையரின் வாயளவும் குழாயின் வாயளவும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். இதில் ஏமாந்தவர் பலர். அடர்ந்த கூந்தல் அடங்கும் அளவு தொப்பி பெரிதாக இருக்கவேண்டும். வெப்பக் காற்று வெளியேற வழி இருக்கவேண்டும். டிரையரில் குளிர்காற்றுப் பொத்தானும், மிகையாகச் சூடேறினால் தானே நின்றுவிடும் அமைப்பும் கட்டாயம். தொடர்ந்து எத்தனை நிமிடம் இயக்கலாம் என்பதைக் கையேட்டில் படித்துக்கொள்ளுங்கள். தொப்பி மாட்டிய டிரையர் காற்றைத் தள்ளச் சிரமப்படும், விரைவில் சூடேறும்.

மின்சாரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். நம் 230 வோல்ட் மின்சாரத்தில் 1000 வாட் டிரையர் ஏறத்தாழ 4.3 ஆம்பியர் இழுக்கும். சாதாரணச் சிறிய சாக்கெட் அதனைத் தாங்கும். 2000 வாட் டிரையரோ 8.7 ஆம்பியர் இழுக்கும். அதற்குக் கீசருக்குரிய பெரிய பவர் சாக்கெட்டே தகும். வாட் மிகுதியானது சிறந்தது என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்டு வாங்கி, அதனை எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகுவது ஆபத்து. மேலும் கடலோர வீடுகளில் உப்புக் காற்றுப் பட்டுச் சாக்கெட்டின் உட்பகுதி துருவும், பச்சை பூக்கும். தொடர்பு தளர்ந்து அங்கே சூடேறும். பிளக் சுடுகிறதா என்று தொட்டுப் பாருங்கள். சுட்டால் டிரையரை நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனை அழையுங்கள். குளியலறையிலும் ஈரத் தரையிலும் ஒருபோதும் இயக்கவேண்டா. மின்கசிவு நேர்ந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் கருவி வீட்டில் இல்லையெனில், டிரையரைவிட முதலில் அதனை வாங்குவதே முறை.

இனிப் பயன்படுத்தும் விதம். நீர் சொட்டுவது நிற்கும்வரை பருத்தித் துண்டால் ஒற்றியெடுங்கள். அகன்ற பல் சீப்பால் சிக்கெடுத்து, கூந்தலைத் தளர்வாகத் தொப்பிக்குள் விடுங்கள். குறைந்த சூட்டில் பத்து நிமிடம். பின் நிறுத்தி, தொப்பியைத் தூக்கி உச்சந்தலையைத் தொட்டுப் பார்த்து மீண்டும் தொடங்கலாம். டிரையரின் பின்புறக் காற்றுத்துளையைப் போர்வையோ புடவையோ மூடலாகாது. தாய் உட்கார்ந்தபடியே இருக்கவேண்டும். வலி மாத்திரையின் மயக்கத்தில் தொப்பியோடு கண்ணயரலாகாது. அந்த அரைமணி நேரம் குழந்தை அடுத்த அறையில், ஆயாவின் மடியில் இருக்கட்டும். கைகள் ஓய்வாக இருக்கின்றனவே என்று பால் கொடுக்கத் தொடங்காதீர்கள். மின்கம்பியோடு இணைந்த நிலையில் குழந்தையைத் தூக்கவேண்டா என்பதற்காகவே இதனைச் சொல்கிறோம்.

எல்லாருக்கும் இக்கருவி உகந்ததன்று. தலையில் தையல் இருப்போர், தலைக்குக் கதிரியக்கச் சிகிச்சை பெற்றோர், கீமோதெரபிக்குப் பின் முடி துளிர்க்கத் தொடங்கியோர், பக்கவாதத்தால் உணர்ச்சி குன்றியோர் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் சூட்டுக் காற்றைத் தொடவேண்டா. சுடுவது தெரியாதவருக்குக் கொப்புளம் எழுந்த பிறகே தெரியும். முடி வளர மினாக்ஸிடில் கரைசல் தடவுவோரும் கவனிக்க: அதில் ஆல்கஹால் உண்டு; தீப்பற்றக்கூடியது. காது கேட்கும் கருவி அணிந்தோர் அதனைக் கழற்றிவிட்டே தொப்பியை மாட்டவேண்டும்.

சாம்பிராணியை வீட்டைவிட்டே விரட்டச் சொல்கிறோமா? இல்லை. அதன் மணத்தில் தாய்வீட்டின் நினைவு இருக்கிறது. எங்கள் செவிலியருள்ளும் அதனை விரும்பாதவர் அரியர். வெள்ளிக்கிழமை மாலை பூசை மாடத்தில், சன்னல் திறந்த அறையில், குழந்தையை அப்புறப்படுத்திய பின் ஏற்றுங்கள். கரியில்லாத கப் சாம்பிராணிதானே என்று குழந்தையின் அறையில் ஏற்றுவதும் தவறே. அதிலிருந்து வருவதும் புகைதான்.

குழந்தையின் தலைக்கு டிரையரும் வேண்டா, தூபமும் வேண்டா. மெல்லிய பழைய வேட்டித் துணியால் ஒற்றியெடுத்தால் இரண்டு நிமிடத்தில் உலர்ந்துவிடும்.